சாரல் ஊரில் ஒரு டி.எஸ்.எல்.ஆர்.

டி.எஸ்.எல்.ஆர். கேமரா புகைப்படத்துக்காகச் செய்யப்பட்டது. வீடியோ பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட வசதி. 2008 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட நிக்கான் டி90-தான் வீடியோ எடுக்கத் தெரிந்த முதல் டி.எஸ்.எல்.ஆர். அடுத்த மாதமே கேனான் 5டி மார்க் 2 அறிவிக்கப்பட்டது. அது முழு எச்.டி.யில் பதிவு செய்தது. செய்தி நிறுவனப் புகைப்படக்காரர்களை மனதில் வைத்துச் சேர்த்த அந்த வசதியைச் சினிமாக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். காரணம் சென்சாரின் அளவு. அந்தக் காலத்து ஹேண்டிகேமின் சென்சார் நகக்கண் அளவுகூட இருக்காது. சாதாரண டி.எஸ்.எல்.ஆரின் சென்சாரோ ஏறக்குறைய 22 மி.மீ. அகலமும் 15 மி.மீ. உயரமும் கொண்டது, அகலத்தில் 35 மி.மீ. சினிமா பிலிமின் ஒரு கட்டத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. முகம் மட்டும் துல்லியமாக, பின்னணி மங்கலாகத் தெரியும் அந்தச் 'சினிமாத் தோற்றம்' இப்படித்தான் சாதாரணக் கேமராவுக்குள் வந்தது.

தமிழில் இதற்கு நல்ல சாட்சி 2012-இல் வந்த 'வழக்கு எண் 18/9'. பாலாஜி சக்திவேல் இயக்கிய அந்தப் படத்தை விஜய் மில்டன் கேனான் 7டி என்ற ஸ்டில் கேமராவில் ஒளிப்பதிவு செய்தார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. அதே காலத்தில் கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சி குறும்படத்தை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தது. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் எல்லாரும் அந்த வழியாக வந்தவர்கள்தான். ஊருக்கு ஒரு குறும்படக் குழு முளைத்த காலம் அது.

இப்போது கம்பெனிகளின் கவனம் மிரர்லெஸ் கேமராக்களுக்குப் போய்விட்டது. கல்யாண ஸ்டுடியோக்களும் மாறிக்கொண்டிருக்கின்றன. அவர்கள் கழித்துவிட்ட டி.எஸ்.எல்.ஆர். பாடிகள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கின்றன. தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசை மாதிரி ஊரிலிருந்து கற்கத் தொடங்குபவருக்கு இது நல்ல காலம். கேமராவைப் பற்றி அறிய வேண்டியது கொஞ்சம்தான். வெளிச்சம், தண்ணீர், காற்று, கூட்டத்துச் சத்தம் ஆகியவற்றோடு பழகுவதே பாடத்தின் பெரும்பகுதி. சாரல் காலத்துக் குற்றாலம் இந்த நான்கையும் ஒரே நாளில் காட்டிவிடும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது பலரும் 'ஷட்டர் கவுண்ட்' (ஷட்டர் இதுவரை இயங்கிய எண்ணிக்கை) எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். வீடியோவைப் பொறுத்தவரை அந்த எண் பெரிதாக ஒன்றும் சொல்லாது; மணிக்கணக்கில் கல்யாண வீடியோ எடுத்த கேமராவிலும் கவுண்ட் குறைவாகவே காட்டும். அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, பக்கவாட்டு ரப்பர் மூடியைத் திறந்தால் 3.5 மி.மீ. மைக் துளை இருக்கிறதா என்பது. கேனான் 1300டி, 1500டி இரண்டிலும் அது கிடையாது. நிக்கான் டி3400, டி3500 மாடல்களிலும் இல்லை. கேனான் 600டி, 700டி, 200டி, நிக்கான் டி5300, டி5600 ஆகியவற்றில் உண்டு. 200டி-யில் இன்னொரு லாபம்: வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே முகத்தைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் டூயல் பிக்சல் முறை. பழைய மாடல்கள் ஃபோகஸைத் தேடி முன்னும் பின்னும் அலையும். அவற்றில் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் ஃபோகஸ் செய்வதே மேல். லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிட வேண்டும். மலையடிவாரத்து ஈரத்தில் அது மேலும் பரவும்.

வீடியோ முறைக்குப் போனதும் உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும், வியூஃபைண்டர் இருட்டாகிவிடும். இனி எல்லாமே பின்பக்கத் திரையில்தான். பேட்டரியும் வேகமாக இறங்கும். ஆகவே இரண்டு பேட்டரியாவது வேண்டும். பழைய கேனான் மாடல்களில் முழு எச்.டி. ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 330 எம்.பி. எடுக்கும், 32 ஜி.பி. கார்டில் ஒன்றரை மணி நேரம் பிடிக்கலாம். பல டி.எஸ்.எல்.ஆர்.கள் ஒரே மூச்சில் 29 நிமிடம் 59 விநாடிக்கு மேல் பதிவு செய்யாமல் நின்றுவிடுவதைப் பழுது என்று நினைக்க வேண்டாம். அரை மணி நேரத்தைத் தாண்டினால் அப்போது ஐரோப்பாவில் அது வீடியோ கேமராவாகக் கணக்கிடப்பட்டுக் கூடுதல் இறக்குமதி வரி விழும் என்பதற்காக வைத்த எல்லை. நம்மூர் மேடைக் கச்சேரியைப் பதிவு செய்பவரும் அந்தப் பழைய ஐரோப்பிய வரிக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டியிருக்கிறது.

முதல் வேலை, மெனுவில் வீடியோ முறையை 'பால்' (PAL) என்று மாற்றுவது. அப்போதுதான் விநாடிக்கு 25 ஃபிரேம் என்ற தேர்வு திரையில் வரும். ஷட்டர் வேகத்தை அதன் இரட்டிப்பாக, அதாவது 1/50 விநாடியாக வைப்பது வழக்கம். நகரும் கையும் காலும் கண்ணுக்கு இயல்பாகத் தெரியும் அளவு மங்கல் அதில் கிடைக்கிறது. இந்தியாவில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவான எல்.இ.டி. விளக்குகளும் விநாடிக்கு 100 முறை மினுங்குகின்றன. 1/50 அல்லது 1/100 வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் முழு மினுங்கல்கள் அடங்கிவிடும். 30 ஃபிரேமில் 1/60 வைத்தால் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் கணக்குத் தப்பி, படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடும். அமெரிக்கர்கள் எடுத்த பாடங்களை யூடியூபில் பார்த்து 30 ஃபிரேம், 1/60 என்று வைத்துக்கொண்டு, கடைக்குள் எடுத்த வீடியோ ஏன் நடுங்குகிறது என்று பலர் குழம்புவது இதனால்தான். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ்.

ஷட்டர் வேகம் என்ன செய்யும் என்பதைப் பார்க்க அருவியைவிட நல்ல இடம் கிடையாது. குற்றாலத்து ஐந்தருவியை 1/50-இல் எடுத்தால் தண்ணீர் வெள்ளைத் துணியாக இழையும். 1/500-க்கு ஏற்றினால் துளித்துளியாகச் சிதறும். ஆனால் அதே படத்தில் நடந்துபோகும் மனிதர் விட்டுவிட்டு நகர்வதுபோலத் தெரிவார். முதலில் இரண்டையும் எடுத்து வீட்டில் ஒப்பிட வேண்டும். உச்சி வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/50 என்று வைத்தால் அப்பர்ச்சரை எஃப்/22 வரை மூட வேண்டியிருக்கும். அவ்வளவு மூடினால் படத்தின் கூர்மை போய்விடும். எஃப்/5.6-க்குத் திறக்க வேண்டுமானால் வெளிச்சத்தைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைக்கும் என்.டி. ஃபில்டர், அதாவது லென்ஸுக்குக் கூலிங் கிளாஸ், மாட்ட வேண்டும். சாரல் நாளில் மேகமே அந்த வேலையில் பாதியைச் செய்துவிடும். அடுத்த சிக்கல் வெள்ளை. கறுத்த பாறையும் நுரைத்த தண்ணீரும் ஒரே ஃபிரேமில் இருக்கும்போது, தானியங்கி முறை பாறையைப் பார்த்துப் படத்தை வெளுக்க வைத்துவிடும். வெளுத்துப்போன நுரையில் பிறகு எந்த எடிட்டிங்கும் விவரத்தை மீட்டுத் தராது. 'எம்' (மேனுவல்) முறைக்கு மாறி, தண்ணீரில் விவரம் தெரியும்வரை வெளிச்சத்தைக் குறைத்து, பாறை கொஞ்சம் இருண்டாலும் பரவாயில்லை என்று விட்டுவிடுவதே சரி. வெண்மைச் சமநிலையையும் தானியங்கியில் விடக் கூடாது. மேகம் நகரும்போதெல்லாம் ஒரே காட்சிக்குள் நிறம் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் தாவும். மெனுவில் 'மேகமூட்டம்' என்ற தேர்வை (ஏறக்குறைய 6000 கெல்வின்) வைத்துப் பூட்டிவிட வேண்டும்.

குற்றால மலை ஊருக்கு மேற்கே இருப்பதால் இங்கே காலை வெளிச்சம்தான் கைகொடுக்கும். பிற்பகலில் சூரியன் மலைக்குப் பின்னே இறங்கி, சமவெளியில் கிடைக்கும் மாலைப் பொன்வெயில் சீக்கிரமே முடிந்துவிடும். சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டங்களிலும் இதே கணக்குத்தான். முற்றிய சூரியகாந்தி கிழக்கு நோக்கியே நிற்கும். காலையில் கேமராவைக் கிழக்குப் பக்கம் வைத்து மேற்கே பார்த்தால் பூக்களின் முகம், அவற்றின் மேல் நேர் வெயில், பின்னால் மேற்கு மலை என மூன்றும் ஒரே சட்டத்தில் அமையும். மாலையில் வந்தால் வெயில் பூக்களின் முதுகில்தான் விழும். 18-55 கிட் லென்ஸில் மலை தொலைவில் சிறிதாகக் கிடக்கும். 55-250 லென்ஸை மாட்டி, நன்றாகப் பின்னால் தள்ளி நின்று எடுத்தால் மலை பூக்களுக்குப் பின்னே எழுந்து நிற்கும்.

ஈரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தொடக்க நிலை டி.எஸ்.எல்.ஆர்.கள் மழைக்குத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. மெயின் அருவிக்கு ஐம்பது அடி தள்ளி நின்றாலும் திவலை லென்ஸில் படியும். லென்ஸுக்கு மட்டும் ஓட்டை விட்ட பிளாஸ்டிக் உறை, லென்ஸ் ஹூட், நாலைந்து காய்ந்த மைக்ரோஃபைபர் துணி ஆகியவை போதும். ஏ.சி. அறையிலிருந்தோ காரிலிருந்தோ கேமராவை நேரே வெளியே எடுத்தால் கண்ணாடியில் ஆவி படரும். பைக்குள்ளேயே பத்து இருபது நிமிடம் வெளிச்சூட்டுக்கு வரவிட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது பூஞ்சைக்கு மருந்து. அருவியில் குளிப்பவர்களை நெருங்கி எடுப்பது வேறு விஷயம். அது நாகரிகமும் அல்ல, சம்மதமில்லாமல் செய்தால் வம்பிலும் முடியும். தண்ணீர், பாறை, குரங்கு, கரையோரக் கடை, தூரத்துக் கூட்டம் என எடுக்க எவ்வளவோ இருக்கிறது. மேலே உள்ள செண்பகாதேவி, தேனருவி இரண்டும் வனத்துறைப் பகுதி. அனுமதியில்லாமல் ஏறக் கூடாது.

தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரம் சுமார் 180 அடி. அதைச் சாலையில் நின்று எடுக்கும்போது டி.எஸ்.எல்.ஆர். வீடியோவின் இரண்டு பலவீனங்கள் வெளிப்படும். சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. கேமராவைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பினால், கீழ் வரியைப் படிப்பதற்குள் காட்சி நகர்ந்துவிட, கோபுரமே சாய்ந்ததுபோல் விழும். ஆகவே மெதுவாகத் திருப்ப வேண்டும், அதுவும் ட்ரைபாடில். இரண்டாவது, பழைய மாடல்கள் சென்சாரின் எல்லா வரிகளையும் படிக்காமல் இடையிடையே விட்டுவிடுவதால், நெருக்கமான சுதை வரிசைகளிலும் பொடிக்கட்டச் சேலைகளிலும் வானவில் மாதிரி அலை ஓடும். கொஞ்சம் நெருங்கியோ விலகியோ நின்றால் மறையும். நேர்காணல் கொடுப்பவரைப் பொடிக்கட்டச் சட்டை போட வேண்டாம் என்று சொல்வதும் இதற்காகத்தான். கோயிலுக்குள் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகும் எண்ணமே வேண்டாம். தமிழகக் கோயில்களில் செல்போனுக்கே தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது.

அந்தக் கோபுர வாசலில் அடிக்கும் காற்று பேர்போனது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று ஆளையே தள்ளும்; கேமராவின் மைக்கில் அது வெறும் 'படபட' என்று பதிவாகும். புதியவர்களின் வீடியோவைப் பாதியில் மூட வைப்பது மங்கலான படமல்ல, காதைக் குடையும் சத்தம். கேமராவிலேயே உள்ள மைக் லென்ஸ் மோட்டாரின் உறுமலையும் சேர்த்துப் பிடிக்கும். சட்டையில் குத்தும் காலர் மைக் ஆயிரம் ரூபாய் அளவிலேயே கிடைக்கிறது. பேசுபவரின் நெஞ்சில், வாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்தி, அதன்மேல் ரோம உறை போட்டால் சாரல் காற்றிலும் பேச்சு தெளிவாக வரும். மைக் துளை இல்லாத கேமராக்காரருக்கும் வழி உண்டு: மைக்கைச் செல்போனில் செருகிப் பதிவைத் தொடங்கி, கேமராவுக்கு முன்னால் ஒரு முறை கைதட்ட வேண்டும். எடிட்டிங்கில் அந்தத் தட்டல் இரண்டு பதிவிலும் எங்கே விழுகிறது என்று பார்த்துப் பொருத்தினால் வேலை முடிந்தது. கிளாப் போர்டின் வேலையே அதுதான். பேச்சின் அளவு மீட்டரில் மைனஸ் 12 டெசிபல் பக்கத்தில் ஆட வேண்டும். பூஜ்யத்தைத் தொட்டால் குரல் கிழியும், பிறகு சரிசெய்ய முடியாது.

முதல் முழு வீடியோவுக்கு அருவியைவிட நல்ல பொருள் செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டர் போன்ற இடங்களின் புரோட்டாக் கடை. அருவியில் ஒரே காட்சிதான். புரோட்டா மாஸ்டரோ ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்; ஒற்றைக் கேமரா வைத்திருப்பவருக்கு இது பெரிய வரம். முதல் உருண்டையைத் தட்டி வீசும்போது தூரத்திலிருந்து கடை முழுவதும் தெரியும்படி எடுக்கலாம். இரண்டாவதை இடுப்பளவு, மூன்றாவதைக் கைகள் மட்டும், நான்காவதைக் கல்லில் சுருண்டு பொன்னிறமாகும் மாவு மட்டும். பிறகு முகம், வியர்வை, காத்திருக்கும் ஆட்கள், இலையில் விழும் சால்னா. ஒவ்வொரு காட்சியையும் ட்ரைபாடில் அசைக்காமல் பத்து விநாடியாவது பிடிக்க வேண்டும். காட்சி கிடைத்ததும் நிறுத்திவிடும் பழக்கம்தான் எடிட்டிங்கில் கையைக் கடிக்கும். மாஸ்டர் இடமிருந்து வலமாகக் கல்லைப் பார்த்து நிற்கிறார் என்றால் கேமரா எப்போதும் மேடையின் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் தாவினால் அடுத்த காட்சியில் அவர் வலமிருந்து இடமாகத் திரும்பி, பார்ப்பவருக்கு ஒரு கணம் திசை குழம்பும். எண்ணெய்ப் புகை லென்ஸில் படியும் என்பதால் முன்னால் ஒரு யு.வி. கண்ணாடி அவசியம். கடைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு, வியாபாரம் கூடாத மாலை நேரத்தில் போவது மரியாதை.

கடையை விட்டுக் கிளம்புமுன் ஒரு நிமிடம் சத்தத்தை மட்டும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும்: கொத்து புரோட்டாவின் தாளம், சுட்ட புரோட்டாக்களை அடுக்கி இரண்டு கையாலும் அடிக்கும் ஓசை, ஆர்டர் சொல்லும் குரல். எடிட்டிங்கில் இதன் அருமை தெரியும்.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே தாராளம். பழைய கம்ப்யூட்டராக இருந்தால் கேடென்லைவ், ஷாட்கட் போன்ற எளிய இலவச மென்பொருள்கள் உண்டு. ரிசால்வில் டைம்லைன் வேகம் முதலில் 24 என்றிருக்கும். கிளிப்பைப் போடும் முன் 25 ஆக்கிவிட வேண்டும், பிறகு மாற்றுவது தலைவலி. கம்ப்யூட்டர் திணறினால் 'ப்ராக்ஸி' என்ற சிறிய நகல்களை உருவாக்கி அவற்றில் வெட்டலாம். கடைசியில் மென்பொருளே அசலை எடுத்துக்கொள்ளும்.

வெட்டும் முன் எல்லாக் கிளிப்பையும் ஒருமுறை முழுதாகப் பார்ப்பது சலிப்பான வேலை. ஆனால் நல்ல எடிட்டருக்கும் அவசரக்காரருக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான். இருபது நிமிடப் பதிவில் இரண்டு நிமிடம் தேறினால் போதும். தேறியதை வரிசையாக அடுக்கி முதலில் ஒரு கரடுமுரடான வடிவம் செய்ய வேண்டும். இசை, எழுத்து, நிறம் எதையும் அப்போது தொடக் கூடாது. பிறகு வெட்டுக்களைச் செதுக்க வேண்டும். மாஸ்டரின் கை மாவோடு மேலே போகும் தூரக்காட்சியை அந்த நொடியிலேயே வெட்டி, மாவு மேடையில் அறைபடும் அண்மைக்காட்சியை ஒட்டினால், இரண்டும் வேறு வேறு உருண்டை என்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள். அசைவுக்கு நடுவில் வெட்டினால் கண் அசைவைப் பின்தொடரும், வெட்டைப் பார்க்காது. கை நின்ற பிறகு வெட்டினால் துருத்திக்கொண்டு தெரியும். இந்த ஒன்றைக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் செலவிட்டாலும் தகும். பறந்து சுழன்று வரும் ட்ரான்சிஷன்களுக்கு அதன்பிறகு தேவையே இருக்காது. கல்யாண வீடியோவுக்கு வெளியே அவற்றுக்கு இடமும் இல்லை.

அடுத்தது ஒலி. தெருவைக் காட்டும்போதே கொத்து புரோட்டாவின் தாளத்தைக் கேட்கவிட்டு, இரண்டு விநாடி கழித்துக் கல்லைக் காட்டினால் பார்ப்பவரைக் காதே கடைக்குள் அழைத்துப்போய்விடும். தனியாக எடுத்த அந்த ஒரு நிமிடச் சத்தத்தை எல்லாக் காட்சிகளுக்கும் அடியில் மெல்லியதாக ஓட விட்டால், வெவ்வேறு நேரத்தில் எடுத்தவை ஒரே இடத்தில் நடந்ததாக ஒட்டிக்கொள்ளும். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடும் ஆசை எல்லாருக்கும் வரும். யூடியூபின் கன்டென்ட் ஐ.டி. அதை உடனே கண்டுபிடித்துவிடும். விளம்பர வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகும், அல்லது வீடியோவே முடங்கும். யூடியூபின் ஆடியோ லைப்ரரியில் உரிமைத் தொல்லை இல்லாத இசை கிடைக்கிறது. புரோட்டாக் கடைக்கு அதுவும் வேண்டியதில்லை.

நிறம் திருத்துவது கடைசி. கேமராவின் சுருக்கப்பட்ட கோப்பை அதிகம் இழுத்தால் வானத்தில் படிக்கட்டுபோலக் கோடு விழும். வெளிச்சத்தைச் சமன்செய்து, தோலின் நிறம் இயல்பாக இருக்கிறதா என்று பார்த்து, காட்சிக்குக் காட்சி ஒத்துவரச் செய்தால் போதும். வெளியே எடுக்கும்போது எச்.264, 1920 x 1080, 25 ஃபிரேம். இந்த அளவுக்கு யூடியூப் பரிந்துரைப்பது விநாடிக்கு 8 மெகாபிட். ஏற்றுமுன் செல்போனில் ஒரு தடவை, ஹெட்போனில் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். பெரும்பாலோர் பார்ப்பது அப்படித்தான். அசல் கோப்புகள் கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று என இரண்டு இடத்தில் சேர்ந்து, இரண்டும் திறந்து ஓடுகின்றன என்று பார்த்த பிறகே கார்டை அழிக்கலாம். அதுவும் கம்ப்யூட்டரில் அல்ல, கேமராவிலேயே ஃபார்மேட் செய்து.